ஒரு நிமிட அனிமேஷனில் மூட் கட்டுவது எப்படி? கோடு முதல் கம்பாசிட்டிங் வரை

கத்திரி வெயில். மேற்குப் பார்த்த ஓட்டு வீட்டுத் திண்ணையில் பாட்டி விசிறியோடு உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வீட்டில் கரண்ட் இல்லை. மேகம் கூடுகிறது, மழை இறங்குகிறது, பேரன் நனைந்துகொண்டே ஓடி வருகிறான். மொத்தம் 60 வினாடி. வசனம் கிடையாது.

இந்த ஒரு குறும்படத்தை எடுத்துக்கொண்டு, காட்சி வடிவமைப்பு மூலம் மூடை, அதாவது காட்சி தரும் உணர்வுச் சூழலை, எப்படிக் கட்டுவது என்று தொடக்கத்திலிருந்து, எல்லா லேயர்களையும் ஒன்றாகச் சேர்க்கும் கம்பாசிட்டிங் வரை பார்க்கலாம். 2டி அனிமேஷனை மனதில் வைத்து எழுதியது இது. பெரும்பகுதி 3டிக்கும் பொருந்தும்.

புதிதாகப் படம் செய்கிறவர்கள் பலர் எல்லாவற்றையும் வரைந்து, கலர் அடித்து, அனிமேட் செய்து முடித்த பிறகு மேலே ஒரு மஞ்சள் லேயரோ நீல லேயரோ போட்டு மூடை வரவழைக்கப் பார்க்கிறார்கள். வருவதில்லை. எந்த நிறமும் தனியாக நின்று ஒரு உணர்ச்சியைத் தராது. அதற்கு முந்தைய காட்சி எப்படி இருந்தது என்பதுதான் அதற்கு அர்த்தம் கொடுக்கிறது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்களே, அதுதான். ஆகவே மழைக் காட்சியின் மூடுக்கான வேலையில் பாதியை வெயில் காட்சியில் செய்து முடித்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே தீர்த்துவிடலாம். மஞ்சள், ஆரஞ்சு என்றால் இதம். நீலம் என்றால் சோகம் என்று டுடோரியல்கள் சொல்லும். குளிர்தேசத்து வீட்டுக்கு அது சரி. நம் மொழியில் மகிழ்ச்சி வந்தால் மனம் குளிர்கிறது, கண் குளிரப் பார்க்கிறோம். வேதனை வந்தால் வயிறு எரிகிறது. இந்தப் படத்தில் மஞ்சள் வாட்டும், நீலப்பச்சை ஆற்றும். சங்கப் பாடல்களின் திணை மரபும் இதற்கு ஒத்து வருகிறது. பாலைக்கு வேனிலும் நண்பகலும் பிரிவும்; முல்லைக்குக் காரும் மாலையும் காத்திருப்பும். நிலம், பொழுது, உணர்வு மூன்றையும் ஒன்றாகப் பூட்டி வைத்த அந்த அட்டவணையை ஒரு கலர் ஸ்கிரிப்டாகவே (படத்தின் நிறத் திட்டம், படி 4-இல் வரும்) படிக்கலாம். நம் படம் பாலையில் தொடங்கி முல்லையில் முடிகிறது.

தொடங்கும் முன்

மென்பொருளுக்குச் செலவு வேண்டாம். பின்னணி வரைய கிரிதா, அனிமேஷனுக்கு ஓபன்டூன்ஸ் அல்லது பிளெண்டரின் கிரீஸ் பென்சில் போதும். எல்லாமே இலவசம். ஓபன்டூன்ஸ், ஜப்பானின் ஸ்டூடியோ கிப்லி தனக்கேற்ப மாற்றிப் பயன்படுத்திய டூன்ஸ் மென்பொருளிலிருந்து 2016-இல் வந்தது. 2025-இல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் 'ஃப்ளோ' முழுக்க பிளெண்டரில் செய்ததுதான். அதிலும் வசனம் இல்லை.

கோப்பு அளவு 1920 × 1080, வினாடிக்கு 24 ஃபிரேம். 60 வினாடிக்கு 1440 ஃபிரேம். வெயில் 32 வினாடி, மேகம் 10, மழை 18. மொத்தம் 12 ஷாட். வெயிலுக்குப் பாதிக்கு மேல் நேரம் கொடுத்திருப்பது காரணமாகத்தான்: பார்ப்பவருக்கும் கொஞ்சம் புழுக வேண்டும்.

படி 1: எது மாறும், எது மாறாது

ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் வெயில், வலப்பக்கம் மழை. ஒவ்வொரு வரியிலும் ஒரு வடிவமைப்புக் கூறு:

- நிழலின் விளிம்பு: கத்தி போல் கூர்மை / விளிம்பே இல்லை
- நிறச்செறிவு: வெளிறியது / ஊறியது
- கோடு: விட்டுவிட்டு, பழுப்பு / தொடர்ச்சி, கரும்பச்சை
- கேமரா: தூரம், அசையாது / அருகில், மெல்ல நகரும்
- அசைவு (ஒரு படத்தை எத்தனை ஃபிரேம் காட்டுவது, படி 7): மூன்றுகளில் / ஒன்றுகளில், இரண்டுகளில்

பிறகு மாறாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இங்கே அது முதல் ஷாட்டின் லேஅவுட், அதாவது ஃபிரேமில் எது எங்கே என்ற அமைப்பு. 12-ஆவது ஷாட்டையும் அதே கோணத்தில், அதே தூணுக்குப் பக்கத்திலிருந்து வைக்க வேண்டும். ஒன்றாவது மாறாமல் இருந்தால்தான் மற்றவை எவ்வளவு மாறின என்று கண் அளக்கும். எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் வேறு ஏதோ படம் பார்ப்பது போலிருக்கும்.

படி 2: வடிவங்கள்

வட்டம் மென்மை, சதுரம் பிடிவாதம், முக்கோணம் ஆபத்து என்ற பாடம் எல்லோருக்கும் தெரிந்ததே. பிக்ஸாரின் 'அப்' (2009) அதை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதற்கு நல்ல உதாரணம். கார்ல் தாத்தாவின் தலை, கண்ணாடி, நாற்காலி எல்லாம் சதுரம், அவர் மனைவி எல்லி வட்டம். அவள் இறந்த பிறகும் அவளுடைய வட்டங்கள் அந்த வீட்டில் மிச்சமிருக்கின்றன. அயர்லாந்தின் கார்ட்டூன் சலூன் செய்த 'உல்ஃப்வாக்கர்ஸ்' (2020) இதையே இடங்களுக்குப் பொருத்தியது. 1650-இன் கில்கென்னி நகரம் மர அச்சுப் படம் போல நேர்கோடும் கோணமுமாக இருக்கும். காடு வளைந்து, பென்சில் கோடுகள் அழியாமல் இருக்கும்.

நம் படத்தில் பாட்டி ஒரு நெல் குவியல் மாதிரி இருக்கட்டும்: அடி அகலம், மேலே உருண்டை. வீடு நேர்கோடுகள். முக்கோணத்தை எந்த ஆளுக்கும் கொடுக்காமல் வெயிலுக்குக் கொடுங்கள். மேற்குப் பார்த்த வீடு என்பதால் மதியம் சாயச் சாய வெயில் திண்ணைக்குள் ஏறிக்கொண்டே வரும். அந்த வெளிச்சத் துண்டை ஒரு கூரான முக்கோணமாக வரைந்து, ஒவ்வொரு ஷாட்டிலும் ஃபிரேம் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு பாட்டியின் காலை நோக்கி நகர்த்துங்கள். ஐந்தாவது ஷாட்டில் அது கட்டைவிரலைத் தொடட்டும், பாட்டி காலை இழுத்துக்கொள்ளட்டும். நேரம் போவதும் வெக்கை ஏறுவதும் ஒரே வடிவத்தில் வந்துவிடும். கடிகாரம் காட்டத் தேவையில்லை.

சோதனை: எல்லாக் கதாபாத்திரங்களையும் முழுக்கக் கறுப்பால் நிரப்பிப் பாருங்கள். விசிறி பிடித்த கை உடம்போடு ஒட்டிக்கொண்டு தனியாகத் தெரியவில்லை என்றால் கையை வெளியே கொண்டுவர வேண்டும். இதைக் கீ படங்கள் (அசைவின் முக்கிய நிலைகள்) வரைந்த பிறகு கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் திரும்ப வரைய வேண்டிவரும்.

படி 3: சாம்பல் தம்ப்நெயில்

கலருக்கு அவசரப்பட வேண்டாம். மூடின் முதுகெலும்பு இந்தப் படிதான். ஏ4 தாளில் 6 செ.மீ. × 3.4 செ.மீ. அளவில் 12 கட்டம் போடுங்கள். ஒவ்வொரு ஷாட்டையும் மூன்றே சாம்பலில் போட வேண்டும். கறுப்பு 0, வெள்ளை 100 என்றால் அவை 90, 50, 15. ஒரு கட்டத்துக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். எடுத்தால் விவரம் வரைய ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

விதி ஒன்றுதான். ஏதாவது ஒரு டோன் ஃபிரேமில் பாதிக்கு மேல் ஆள வேண்டும். மூன்றும் சரிசமமாகப் பங்கு போட்டுக்கொண்டால் படம் பளிச்சென்று இருக்கும், மூட் இருக்காது. வெயிலில் 90 ஆளும். 15 சிறு துண்டு. 50 கிட்டத்தட்டக் காணாமல் போகும். கண் கூசும் வெயிலில் இடைப்பட்ட டோன்கள் நமக்கு உண்மையிலேயே அப்படித்தான் தொலைகின்றன. மேகம் வந்ததும் 50 எல்லாவற்றையும் மூடும், முரண் குறையும். மழையில் 50-உம் 15-உம் பெரிது; 90, அதாவது அந்த ஃபிரேமின் ஆக வெளிச்சமான டோன், மூன்றே இடத்தில்: ஓடுகளுக்கு மேல் தெரியும் வானக் கீற்று, ஈரத் தெருவின் பளபளப்பு, பாட்டியின் நரைமுடி. மழை ஷாட்டில் பார்வை நேராகப் பாட்டியிடம் போவதற்கு அந்த நரைமுடி போதும்.

இங்கே வரும் சிக்கல்: வெயில் ஷாட்களில் பாட்டி கறுத்த நிழலில் இருக்கிறாள், கட்டியிருப்பது அரக்குச் சேலை. இரண்டும் 15. ஆள் காணாமல் போய்விடுவாள். உடனே சேலையை வெளிர்நிறமாக்கத் தோன்றும். செய்யாதீர்கள், அந்த அரக்கு மழையில் தேவைப்படும். வெயில் பட்ட செம்மண் தரையிலிருந்து திரும்பும் வெளிச்சத்தை அவள் முகத்திலும் முழங்கையிலும் 50 டோனில் விழவிடுங்கள். கீழிருந்து வரும் வெளிச்சம் பேய்ப்பட முகத்தைத் தருமே என்று தோன்றலாம். சிறிய, கூர்மையான விளக்கு அடியில் இருந்தால்தான் அப்படி. தரை முழுவதிலிருந்தும் பரவி வரும் வெளிச்சத்துக்கு விளிம்பு கிடையாது, மூக்கு நிழல் நெற்றியில் ஏறாது.

முடித்த பிறகு 12 கட்டத்தையும் ஒரு கை தூரத்தில் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எங்கே வெயில் முடிந்து எங்கே மழை தொடங்குகிறது என்று கதை தெரியாத ஒருவருக்கும் புரிய வேண்டும்.

படி 4: கலர் ஸ்கிரிப்ட்

முழுப் படத்தின் நிறப் பயணத்தையும் ஒரே நீளப் பட்டையில் சின்னச் சின்னப் படங்களாக வைப்பது கலர் ஸ்கிரிப்ட். 'டாய் ஸ்டோரி'க்கு (1995) அதன் கலை இயக்குநர் ரால்ஃப் எகிள்ஸ்டன் பேஸ்டலில் செய்தது இதற்குப் பேர்போன முன்னுதாரணம். சாம்பல் தம்ப்நெயில்களை ஸ்கேன் செய்து அவற்றின் மேலேயே கலர் போடலாம்.

எண்களாகச் சொன்னால் இப்படித் தொடங்கலாம். நிறக்கோணம் (நிறச் சக்கரத்தில் அந்த நிறம் இருக்கும் இடம்) 0 முதல் 360. செறிவும் வெளிச்சமும் 0 முதல் 100.

வெயிலில் வானம்: கோணம் 48, செறிவு 8, வெளிச்சம் 98. ஏறத்தாழ வெள்ளைதான், நீல வானம் வைத்தீர்களானால் சுற்றுலா விளம்பரம் ஆகிவிடும். சுண்ணாம்புச் சுவர்: 45, 15, 92. நிழல்: 22, 40, 40.

அந்த நிழல் எண்ணைக் கவனியுங்கள். வெட்டவெளியில் நிழல் வானத்து நீலத்தை வாங்கும் என்பது உண்மை; ஓவியப் பாடங்களும் நீல நிழலைத்தான் சொல்லித்தரும். இந்தப் படத்தில் அதைச் செய்தால் வெயில் காட்சியிலேயே கண்ணுக்குக் குளிர்ச்சி கிடைத்துவிடும், மழைக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. அதனால் செம்மண் வெளிச்சத்தைச் சாக்காக வைத்து நிழலைப் பழுப்பாகவே நிறுத்துகிறோம். முதல் 32 வினாடிக்கு 150 முதல் 260 வரையுள்ள கோணத்தில் ஒரு பிக்சல்கூட வரக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டுக்கொள்ளுங்கள். வாசலில் இருக்கும் பிளாஸ்டிக் குடம் நீலமாகத்தான் இருக்க வேண்டும் என்று கை துடிக்கும். சிவப்புக் குடம் வையுங்கள்.

மழையில் வானம்: 195, 15, 70. வேப்பமரம்: 140, 50, 42. செம்மண்: 14, 60, 38. நனைந்த பொருள் உலர்ந்ததைவிடக் கறுத்தும் செறிவாகவும் தெரியும். அதனால் வெளிச்சம் குறையும்போது செறிவைக் கூட்டுகிறோம். மழை என்றாலே சாம்பல் என்று எல்லாவற்றையும் வெளுக்க வைப்பதுதான் இங்கே நடக்கும் பொதுவான தவறு. அப்படிச் செய்தால் துக்கப் படமாகிவிடும்.

மேகப் பகுதி இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சு. செறிவு 12-ஐத் தாண்டாமல் ஏறக்குறைய நிறமே இல்லாமல் 10 வினாடி விடுங்கள். மஞ்சளிலிருந்து நேராக நீலப்பச்சைக்குத் தாவுவதைவிட, நடுவில் நாக்கைக் கழுவியது போல ஒரு இடைவெளி இருந்தால் மழையின் பச்சை இன்னும் அடர்த்தியாகத் தெரியும்.

இப்போது, தொடக்கத்தில் சொன்ன மேல்-லேயர் விவகாரம். அதற்குப் பெரும்பாலும் பயன்படுவது மல்டிப்ளை, கீழே உள்ள நிறங்களைக் கறுக்க வைக்கும் பிளெண்டிங் மோடு. வெயிலுக்காகப் போட்ட கலர்களின் மேல் ஒரு நீலப்பச்சை மல்டிப்ளை போட்டால் மழை ஆகிவிடாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மல்டிப்ளை நிறம் சிவப்பு 120, பச்சை 150, நீலம் 165. இரண்டு எண்ணையும் பெருக்கி 255-ஆல் வகுப்பதுதான் மல்டிப்ளை. பாட்டியின் நரைமுடி 235, 232, 225 என்றால் கிடைப்பது ஏறக்குறைய 111, 136, 146: அழகான மழைநேரச் சாம்பல். அரக்குச் சேலை 170, 50, 45 என்றால் கிடைப்பது 80, 29, 29. நீலம் ஏறவே இல்லை, ஏனென்றால் சேலையில் பெருக்குவதற்கு நீலம் இல்லை. வெளிச்சம் 67-இலிருந்து 31-க்கு விழுந்து, காய்ந்த ரத்தம் போல ஆகிவிட்டது. வெளிர்நிறங்கள் மல்டிப்ளையை வாங்கிக்கொள்ளும், அடர்நிறங்கள் செத்துப்போகும். எனவே சுவர், முடி, தரைக்கு மல்டிப்ளை போடலாம். சேலையைக் கையால் எடுங்கள். 128, 44, 56 சுற்றிப் பார்த்தால் ஈரம்பட்ட அரக்கு கிடைக்கும்.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் கலர் முடிந்ததும் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயர் போட்டு, முழுக்கக் கறுப்பு நிரப்பி, பிளெண்டிங் மோடை 'கலர்' என்று மாற்றுங்கள். படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். படி 3-இல் போட்ட தம்ப்நெயிலோடு ஒப்பிடுங்கள். டோன் நகர்ந்திருந்தால் நிறத்தை மாற்ற வேண்டும். தம்ப்நெயிலை மாற்றிச் சமாளிக்காதீர்கள்.

படி 5: கோடு

கோட்டின் நிறம் பெரும்பாலும் யோசிக்காமலே கறுப்பாகிவிடுகிறது. 1988-இல் இசாவோ தக்காஹாதா எடுத்த 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' படத்தில் கறுப்புக்குப் பதில் பழுப்புக் கோடுகளையே பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். ஆட்கள் பின்னணியிலிருந்து வெட்டித் துருத்தாமல், பழைய நினைவு மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். அவரே 2013-இல் எடுத்த 'தி டேல் ஆஃப் தி பிரின்சஸ் ககுயா'வில் நாயகி வெறிபிடித்தாற்போல் ஓடும் இடத்தில் கோடு திடீரெனக் கரிக்கட்டைக் கிறுக்கலாகிவிடுகிறது. உடைந்தது அவள் மனம் என்பதைக் கோடே சொல்லிவிடும்.

1920 அகலத்துக்கு, நடுத்தர ஷாட்டில் ஆளின் வெளிக்கோடு 3 முதல் 4 பிக்சல், உட்கோடு 2, பின்னணிக் கோடு 1 அல்லது 1.5. வெயில் பகுதியில் கோட்டு நிறம் (கோணம், செறிவு, வெளிச்சம்) 20, 55, 30. வெயில் நேராகப் படும் பக்கம் கோட்டையே எடுத்துவிடுங்கள், வெளிச்சம் அரித்துவிட்டது போலிருக்கும். மழையில் கோடு 165, 45, 18. எங்கும் விடாமல் ஓடட்டும்.

கிளீன்-அப் (கரட்டுக் கோடுகளைச் சுத்தமாகத் திரும்ப வரைவது) ஆள் வேறு என்றால், எங்கே கோடு விடுபட வேண்டும் என்று கீ படத்தில் சிவப்பால் குறித்துக் கொடுங்கள். குறிக்காவிட்டால் அவர் பொறுப்பாக எல்லா இடைவெளியையும் மூடிக் கொடுப்பார். கோட்டில் இடைவெளி விட்டால் பக்கெட் ஃபில் (மூடிய பரப்பில் நிறம் நிரப்பும் கருவி) வெளியே வழியும். அதற்குக் கண்ணுக்குத் தெரியாத மூடுகோடு ஒன்று தனி லேயரில் போட்டுக்கொள்ள வேண்டும்.

படி 6: பின்னணி

எவ்வளவு விவரம் வரைவது? இரண்டு எதிர்த்திசைகளைப் பார்த்தால் தெளிவு கிடைக்கும். டிஸ்னியின் 'பாம்பி'க்கு (1942) முதலில் வரைந்த காடுகளில் இலை இலையாக விவரம் இருந்து மான்கள் அதில் தொலைந்தன. அங்கே வேலை செய்த ஓவியர் டைரஸ் வோங், சீன சோங் காலத்து நிலக்காட்சி ஓவியங்களின் வழியில், நடுவில் மட்டும் கொஞ்சம் தெளிவு வைத்து ஓரங்களை மூடுபனியாகக் கரைத்துக் காட்டினார். படம் முழுவதற்கும் அதுவே பாணியாயிற்று. 'ஸ்லீப்பிங் பியூட்டி'யில் (1959) பின்னணி ஓவியர் ஐவிண்ட் ஏர்ல் நேர்மாறாகப் போனார். அருகிலிருப்பதும் தூரத்திலிருப்பதும் ஒரே கூர்மை. அதற்கு ஈடுகொடுக்க ஆட்களும் கோணம் கோணமாக மாற வேண்டியிருந்தது. முதலாவதில் மூட் நெஞ்சுக்கு அருகில் இருக்கும். இரண்டாவதில் பிரமிப்பு இருக்கும், நெருக்கம் இருக்காது.

வெயில் பின்னணிக்கு ஏர்லின் கூர்மையிலிருந்து கொஞ்சம் எடுங்கள்: ஓடு, தூண், தெருக்கல் எல்லாம் விளிம்போடு. மழைக்கு வோங்கின் வழி. பாட்டியைச் சுற்றி மூன்றில் ஒரு பங்கு ஃபிரேமுக்கு மட்டும் விவரம், மற்றதெல்லாம் நீர்த்திரைக்குள் கரையட்டும். இதனால் வேலையும் பாதியாகும்.

வாசல் வழியாகத் தெரியும் வீட்டின் உட்புறத்துக்கு வேறு முறை. கரண்ட் இல்லாத வீடு இருட்டாக இருக்க வேண்டும். வெளிர்நிறத்தில் வரைந்து பிறகு கறுக்கினால் சாம்பல் பூசியதுபோல் வரும். 1992-இல் வந்த 'பேட்மேன்' அனிமேஷன் தொடரில் பின்னணிகளைக் கறுப்புத் தாளிலேயே வரைந்தார்கள். இருட்டு தாளிலேயே இருக்க, வெளிச்சத்தை மட்டும் தீட்டினால் போதும். கிரிதாவிலும் அப்படியே செய்யலாம். கோணம் 25, செறிவு 50, வெளிச்சம் 8 என்று நிரப்பிவிட்டு, குத்துவிளக்கின் விளிம்பு, நிலைப்படியின் ஓரம், கொடியில் தொங்கும் துண்டு என்று நாலைந்து இடத்தை மட்டும் தொடுங்கள்.

டெக்ஸ்ச்சர் (மேற்பரப்பின் சொரசொரப்பு): சுவருக்கு ஒரு உலர்தூரிகை, போதும். காகிதத் தடத்தைப் படம் முழுக்கப் போட்டால் ஆள் அசையும்போது அது மட்டும் அசையாமல் நின்று, கண்ணாடிக்குப் பின்னால் படம் ஓடுவது போலிருக்கும்.

படி 7: அசைவின் வேகம்

ஒரு படத்தை ஒரு ஃபிரேம் காட்டினால் ஒன்றுகளில், இரண்டு ஃபிரேம் காட்டினால் இரண்டுகளில். 'ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்' (2018) இதையே மூடாக்கியது. காட்டில் ஊஞ்சலாடக் கற்கும் காட்சியில் தடுமாறும் மைல்ஸ் இரண்டுகளில், தேர்ந்த பீட்டர் ஒன்றுகளில் அசைகிறார்கள். ஒரே ஃபிரேமில் ஒருவன் கற்றுக்குட்டி என்று நமக்குக் காரணம் தெரியாமலே தெரிந்துவிடுகிறது.

பாட்டியின் விசிறி மூன்றுகளில். போக 3 படம், வர 4 படம்: 9 + 12 = 21 ஃபிரேம். முதல் சில வீச்சுகள் இதே வேகத்தில். பிறகு வீச்சின் முடிவில் 6 ஃபிரேம் நிறுத்தம், அடுத்ததில் 12, அடுத்ததில் 18. விசிறி மடியில் சரியும். பாட்டி கண்ணயர்கிறாள் என்பது முகத்தைக் காட்டாமலே வந்துவிடும்.

நிற்கும் இடங்களில் ஒரே படத்தை 3 வினாடி வைத்தால் டிஜிட்டலில் படம் ஹேங் ஆனது மாதிரி தெரியும். அதே படத்தை மூன்று முறை டிரேஸ் செய்து நான்குகளில் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். கோடு லேசாகத் துடித்துக்கொண்டிருக்கும், உயிர் இருக்கும்.

பேரன் ஓட்டம் ஒன்றுகளில். ஓர் அடிக்கு 6 ஃபிரேம், இரண்டு அடிச் சுழலுக்கு 12 படம். கேமராவும் அவனோடு நகர்வதால் இது கட்டாயம். கேமரா ஒன்றுகளில் நகர, ஆள் இரண்டுகளில் ஓடினால் ஒவ்வொரு இரண்டாவது ஃபிரேமிலும் அவன் தரைமீது வழுக்கி, ஷாட் முழுக்க அதிர்ந்துகொண்டே இருக்கும். படம் குறைவாக இருப்பதால் இப்படி ஆகிறது என்று தெரியாமல் பலர் மோஷன் ப்ளர் (அசைவை மங்கலாக்கும் எஃபெக்ட்) போட்டு இன்னும் கெடுப்பார்கள்.

படி 8: மழையும் கம்பாசிட்டிங்கும்

மழைக்கு மூன்று லேயர். அருகில்: நீளமான, தடித்த, சில கோடுகள். நடுவில்: அளவானவை. தூரத்தில்: மெல்லிய, குட்டையான, நிறைய. சாய்வு 5 முதல் 10 டிகிரி, மூன்றிலும் ஒரே பக்கம். மூன்றையும் 12 ஃபிரேம் சுழலாக வைத்தால் ஒவ்வொரு அரை வினாடிக்கும் அதே மழை திரும்பி வரும், கண் உடனே பிடித்துவிடும். 7, 9, 11 ஃபிரேம் சுழல்களாக வையுங்கள். மூன்றும் மறுபடி ஒன்றாகச் சேர 7 × 9 × 11 = 693 ஃபிரேம், ஏறக்குறைய 29 வினாடி ஆகும். நம் மழையே 18 வினாடிதான். ஒரு முறைகூடத் திரும்பாது.

மழைக்கோடு வெள்ளை வானத்தின் முன் தெரியாது. மழை கொட்ட வேண்டிய இடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தின் கறுப்பையோ எதிர்வீட்டின் கறுத்த வாசலையோ கொண்டுவாருங்கள். இதை லேஅவுட்டிலேயே யோசித்திருக்க வேண்டும் என்பதால்தான் மரம் தெருவின் எதிர்ப்பக்கம் இருக்கிறது. ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டும் தண்ணீரை மழையோடு சேர்க்காமல் தனி லேயரில், இரண்டுகளில் வையுங்கள். அது பாட்டிக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு திரைச்சீலை போலத் தொங்கி, திண்ணையை ஒரு சின்ன அறையாக்கிவிடும். முதல் ஷாட்டில் பரந்து வெறிச்சோடிக் கிடந்த அதே ஃபிரேம் 12-ஆவது ஷாட்டில் நெருக்கமாக மாறுவது இதனால்தான்.

வெயில் ஷாட்களின் கானல் அலைக்கு டிஸ்பிளேஸ்மென்ட் (படத்தை நெளிய வைக்கும் எஃபெக்ட்) 2 முதல் 4 பிக்சல், தெருவின் கடைசியில் மட்டும். பாட்டி முகத்தில் பட்டால் தண்ணீருக்குள் இருப்பது போலாகிவிடும்.

ரிம் லைட் (ஆளின் விளிம்பில் விழும் ஒளிக்கீற்று), குளோ (ஒளிவட்டம்), விக்னெட் (ஃபிரேம் ஓரங்களைக் கறுக்க வைப்பது) மூன்றும் கம்பாசிட்டிங்கில் கைக்கு எளிதாக வருபவை, அதனாலேயே ஆபத்து. ரிம் லைட்டை ஒரே ஒரு ஷாட்டில், பேரன் வாசலில் ஏறும்போது அவன் ஈரத் தோளில் மட்டும் போடுங்கள். 11 ஷாட் பட்டினி கிடந்தால்தான் அது பண்டிகையாகத் தெரியும்.

மழை நடுவில் கரண்ட் வருவதாக வைத்தால், உள்ளே எரிவது மஞ்சள் பல்பா, டியூப் லைட்டா? நம் வீடுகளில் பெரும்பாலும் டியூப் லைட். கூல் டேலைட் வகை 6500 கெல்வின், வெள்ளையில் லேசான நீலம். அதையே வையுங்கள். ஏற்றும்போது சட்டென்று முழுதாக எரியவிடாதீர்கள். 2 ஃபிரேம் மினுக், 9 ஃபிரேம் இருட்டு, 1 ஃபிரேம் மினுக், 5 ஃபிரேம் இருட்டு, பிறகு முழு வெளிச்சம். பழைய சோக் வைத்த டியூப் லைட்டைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் அந்தத் துடிப்பு சொல்லித்தர வேண்டியதில்லை.

படி 9: ஏற்றுமதிக்கு முன்

சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு ஒரு முறை பாருங்கள். இசையில்லாமல் மூட் விழுந்தால் வேலை இன்னும் இருக்கிறது.

பிறகு ஒரு சாதாரண போனில், திரை வெளிச்சத்தைப் பாதியாக வைத்துப் பாருங்கள். வரைந்த மானிட்டரில் தெரிந்த கறுத்த உட்புறம் அங்கே ஒரே கறுப்புத் துண்டாகிவிடும். வெளிச்சம் 8-க்குக் கீழே முக்கியமான எதையும் வைக்காதீர்கள். மேகக் காட்சியின் வானத்தில் பட்டை பட்டையாகப் படிகள் தெரிந்தால் அந்த லேயருக்கு மட்டும் 1 முதல் 2 சதவீதம் நாய்ஸ் (மணல் தூவியது போன்ற புள்ளிகள்) சேருங்கள்.

1080-க்கு யூடியூப் கேட்பது 8 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 8 மெகாபிட்). மழை, வீடியோ சுருக்கத்துக்கு ஜென்ம விரோதி: ஒவ்வொரு ஃபிரேமும் முழுக்க மாறிவிடுவதால் கட்டம் கட்டமாக உடையும். எச்.264 என்ற வீடியோ சுருக்க முறையில் 16 முதல் 20 எம்பிபிஎஸ் வைத்து ஏற்றுங்கள். அப்படியும் உடைந்தால் தூரத்து மழை லேயரின் ஒபாசிட்டியை (ஊடுருவித் தெரியாத அளவை) பாதியாக்குங்கள். முதலில் நொறுங்குவது அந்த மெல்லிய கோடுகள்தான்.

நேரம் பற்றவில்லை என்றால் முதலில் டெக்ஸ்ச்சரை விடுங்கள், அடுத்து கானல் அலையை, அடுத்து மழைப் பின்னணிகளில் இரண்டை முதல் ஷாட்டின் லேஅவுட்டிலிருந்தே வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். விசிறியின் அந்த 6, 12, 18 நிறுத்தங்களில் மட்டும் கைவைக்காதீர்கள்.